தண்டையார்பேட்டைப் பக்கம் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது? தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயம்

துறைமுகத்துக்காரன் | செவ்வாய், இரவு 11.42

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 43. துறைமுகத்தில் கன்டெய்னர் சம்பந்தப்பட்ட ஆபீஸ் வேலை, வீடு தண்டையார்பேட்டை. இருபது வருஷமாகக் குடிக்கிறேன். முதலில் சனிக்கிழமை மட்டும். அப்புறம் சம்பள நாள், கல்யாணம், சாவு, மழை. இப்போது காரணமே தேவைப்படுவதில்லை. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் என்பது கடிகாரம் பார்க்காமலே உடம்புக்குத் தெரிகிறது. காலையில் கை நடுங்குகிறது. போன வாரம் ஒரு பில்லில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் போட்டது?" என்று மேலதிகாரி என்னிடமே கேட்டார்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்குத் தமிழில் நடக்கிற கூட்டம் வேண்டும். சாயங்காலம் 7 மணிக்கு மேல்தான் வர முடியும். பணம் கட்ட வேண்டுமா? பேசியே ஆக வேண்டுமா? சர்ச்சில் நடக்கிறது என்கிறார்களே, மதம் மாறச் சொல்வார்களா? எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து கிடந்ததைப் பார்க்காதவர்களா என்று கேட்காதீர்கள். அது வேறு, இது வேறு.

மணலி_மெக்கானிக் | புதன், காலை 6.15

தம்பி, ஆறு வருஷமாகக் குடிக்கவில்லை. எனக்கும் இதே பயம்தான். அதனால் முதல் இரண்டு மாதம் ஊரின் அந்தக் கோடிக்குப் போனேன். இப்போது உங்களுக்கு வசதி, தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறி தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை வரை ஒரே ரயிலில் போகலாம். 2021க்கு முன்னால் இது கிடையாது, நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். ஆனால் ஒன்று. போய் வர இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், களைப்பான நாளில் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தோன்றும். அடுத்த வாரம் வராது. அதனால் வடசென்னைக்கே திரும்பி வந்தேன்.

உள்ளே நுழைந்ததும் எதிரில் தினமும் பார்க்கிற ஒரு முகம். யார் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அவ்வளவுதான். அவர் என்னை அங்கே பார்த்தார் என்றால், அவரும் அங்கேதானே இருந்தார்?

கூட்டம் கண்டுபிடிக்கும் வழி: ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது, உதவி எண்ணும் இருக்கிறது. பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இடம் மாறும், நேரம் மாறும், பரீட்சை வந்தால் பள்ளிக்கூடத்தில் அறை தரமாட்டார்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். எடுப்பவரும் நம்மைப் போல ஒரு ஆள்தான், வேலை நேரத்தில் எடுக்காவிட்டால் இரவில் திரும்பக் கூப்பிடுங்கள்.

கட்டணம் கிடையாது. பெயர்ப் பதிவு, கையெழுத்து, ஆதார் எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், அது ஒன்றுதான் தகுதி. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நான் முதல் ஐந்து கூட்டத்தில் "பாஸ்" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் பத்து ரூபாய் போடலாம். புதிதாக வந்தவர் போடாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். அந்தப் பணத்தில்தான் அறை வாடகையும் டீயும். வெளியாளிடம் நன்கொடை வாங்குவதில்லை.

ஓய்வுபெற்ற_நர்ஸ் | புதன், காலை 9.03

கூட்டம் இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒன்று. தம்பி, காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். அது உயிரை எடுக்கிற நிலை. "பேய் பிடித்திருக்கிறது" என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போய்விட்டு, கடைசி நேரத்தில் எங்களிடம் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எல்லாரும் பாதிதான் சொல்வார்கள், டாக்டர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வார், அது வேறு கதை. அயனாவரம் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 1794இல் ஆரம்பித்த நிறுவனம். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஊரில் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

இன்னொன்று, தெரு முனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று படுத்துவிடாதீர்கள். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்திருக்கும். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிப்பதை மறைத்தால் டாக்டருக்கு இது எப்படித் தெரியும்?

ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446, மத்திய அரசின் போதை மறுவாழ்வு உதவி எண். மனசு ரொம்ப இடிந்துபோனால் 14416.

நேர்ப்பேச்சு | புதன், காலை 11.20

எல்லாம் மனசுதான் சார். சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் சுத்தமாக இருக்கிறான் இல்லையா? அப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனான்? மன உறுதி இல்லாதவனுக்குத்தான் கூட்டமும் டீயும்.

மணலி_மெக்கானிக் | புதன், பகல் 1.50

நண்பரே, நான் ஏழு வருஷம் மாலை போட்டவன். நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. மலைக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு குவார்ட்டர் வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் போவேன், திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் குடிக்க. நாற்பத்தொன்பதாம் நாள் என்ன செய்வது என்பதைத்தான் எந்தக் குருசாமியும் எனக்குச் சொல்லவில்லை.

கறுப்புச்சட்டை_ஓட்டேரி | புதன், மாலை 4.37

சர்ச் கேள்விக்கு நான் சொல்கிறேன். எங்கள் தாத்தா மில் தொழிலாளி, அப்பா கறுப்புச் சட்டை, நான் பிறந்ததிலிருந்து சாமி கும்பிட்டதில்லை. இப்போது மூன்று வருஷமாக ஒரு சர்ச் வளாகத்து அறையில் உட்கார்ந்து குடியை விட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அந்த அறை வாடகை அறை, அவ்வளவுதான். பாதிரியார் வருவதில்லை, பிரசங்கம் இல்லை. இதே குழு அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் நடந்ததாம், பெரிய ஆட்களுக்கு முழங்கால் உள்ளே போகாதாம். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேராது என்பது அவர்கள் மரபிலேயே இருக்கிறது.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். குடியை விட ஏ.ஏ. சொல்கிற பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். "நம்மைவிட மேலான சக்தி" என்று வாசிப்பார்கள். "அவரவர் புரிந்துகொண்டபடி" என்று ஒரு ஜன்னலும் திறந்து வைத்திருக்கிறார்கள், நான் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தேன். என்னால் தனியாக முடியாததை அந்த அறையில் இருக்கிற பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்ய வைக்கிறார்கள், எனக்கு மேலான சக்தி அவர்கள்தான். முடிவில் எழுந்து நின்று பிரார்த்தனை சொல்வார்கள், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தடவை ஒரு பெரியவர் அதைப் பற்றிக் கேட்டார். "நீ குடிக்காம இருக்கியா?" "இருக்கேன்." "சரி, டீ எடுத்துக்கோ."

இது ஒத்துவராதவர்களும் உண்டு. அவர்களுக்கு மருத்துவமனை ஆலோசகர், குழு சிகிச்சை என்று வேறு வழி இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980இல் ஆரம்பித்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. அங்கே வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். தூரம்தான். எல்லா நல்ல விஷயமும் அடையாறில்தான் இருக்க வேண்டுமா என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர்_வாசகி | புதன், இரவு 9.10

நான் குடிப்பவள் இல்லை, குடித்தவருடைய மனைவி. அண்ணா, உங்கள் மனைவி இதைப் படிக்கும்படி செய்யுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர், "சாம்பாரில் கலந்து கொடுங்க, தெரியவே தெரியாது, ஒரே வாரத்தில் விட்டுடுவார்" என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. கலந்தேன். அன்று இரவு என் கணவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தார். முகம் செக்கச் சிவந்தது, மூச்சு இழுத்தது, வாந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். 108க்குப் போன் பண்ணும்போது என்ன கொடுத்தேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அது டைசல்ஃபிராம் என்று அப்புறம்தான் தெரிந்தது. டாக்டர் பார்த்து, குடிப்பவருக்கும் தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷம். நம் பக்கத்தில் இன்னும் எத்தனை சமையலறையில் இது நடக்கிறதோ.

அவர் பிழைத்தார். அதற்கப்புறம் ஒரு வருஷம் குடித்தார். அந்த ஒரு வருஷத்தில்தான் நான் அல்-அனான் கூட்டத்துக்குப் போனேன். குடிப்பவர் வீட்டாருக்கான கூட்டம் அது. ஏ.ஏ.வைத் தொடங்கிய பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் ஏற்படுத்தியது. என் கணவர் வராவிட்டாலும் நான் போகலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அங்கே யாரும் "எப்படித் திருத்துவது" என்று சொல்லித் தரவில்லை. பாட்டிலைத் தேடி ஒளித்துவைப்பதை நிறுத்தினேன். ஆபீஸுக்குப் போன் பண்ணி "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்தினேன். வேலை போய்விடுமோ என்று வயிறு கலங்கியது. அவர் தானாகப் போன் பண்ணி லீவு சொல்ல வேண்டி வந்தபோதுதான் முதல் முறையாகப் பயந்தார்.

இப்போது இரண்டு வருஷமாக அவர் கூட்டத்துக்குப் போகிறார். நான் அவரைப் போ என்று சொல்வதில்லை. சரி, சில நாள் சொல்கிறேன்.

காசிமேட்டு_ஆள் | வியாழன், அதிகாலை 3.25

எனக்கு இதெல்லாம் எப்படி ஒத்துவரும்? படகில் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கடலில் குடிக்காமல் இருந்துவிடுவேன், வேலை அப்படி. கரையில் கால் வைத்ததும் பங்குக் காசு கையில். எல்லாவற்றையும் விட மோசம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வேலையில்லை. நிவாரணப் பணம் வருவதற்குள் கடன் வாங்கிக் குடித்தாகிவிடும்.

ஒரு தடவை வீட்டில் சொல்லி, ஒரு மறுவாழ்வு இல்லத்து ஆட்கள் ராத்திரி வேனில் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் பூட்டி வைத்தார்கள். அடி. டாக்டர் என்று யாரையும் நான் பார்க்கவில்லை. வெளியே வந்த அன்றே குடித்தேன். அதிலிருந்து கூட்டம், சென்டர் என்றாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

ஓய்வுபெற்ற_நர்ஸ் | வியாழன், காலை 7.40

காசிமேட்டுத் தம்பி, உங்களுக்கு நடந்தது சிகிச்சையே இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வருகிற மனநலக் கோளாறும் அடங்கும். அப்படி ஆட்களைத் தங்கவைக்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இனி யாராவது உங்களை எங்காவது சேர்க்கச் சொன்னால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லி வீட்டாரைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கூட்டங்கள் அந்த மாதிரி இல்லை. கதவு திறந்துதான் இருக்கும். பாதியில் எழுந்து போனாலும் யாரும் துரத்திப் பிடிக்கமாட்டார்கள்.

மணலி_மெக்கானிக் | வியாழன், காலை 8.05

தம்பி, தடைக்காலத்தில் தினமும் ஒரு கூட்டம் போகலாமே. புதிதாக வருபவரிடம் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வது இங்கே வழக்கம். உங்களுக்கு அரசாங்கமே 61 நாள் கொடுக்கிறது. மற்ற நாளில், 2020 ஊரடங்கில் போனில் ஆரம்பித்த கூட்டங்கள் இன்னும் சில ஓடுகின்றன. கரைக்கு வருகிற அன்று, பங்குக் காசு வாங்குவதற்கு முன்னால் ஒருவருக்குப் போன் பண்ணுங்கள். காசு கைக்கு வந்த பிறகு பண்ண மாட்டீர்கள், நான் பண்ணியதில்லை.

இந்த ஏ.ஏ.வே ஒரு போனில்தான் ஆரம்பித்தது. 1935, அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் வேலையாக வந்து, வந்த காரியம் கெட்டு, ஓட்டலில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் சர்ச்சுகளின் எண்கள் எழுதிய பலகை. அவர் வரிசையாகப் போன் பண்ணினார், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். டாக்டர் தன் கடைசி பீரைக் குடித்தது ஜூன் 10. நம் நாட்டுக்கு இது 1957இல் வந்தது.

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 10.00

இரண்டு பதிவுகளிலிருந்து தனிப்பட்ட கைப்பேசி எண்களையும் ஒரு குழு நடக்கும் இடத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள், தெரியும். வேண்டியவர்கள் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்காரன் | பத்து நாள் கழித்து, ஞாயிறு இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னபடி ஸ்டான்லிக்குப் போனேன். உள்ளபடி சொன்னேன். டாக்டர் இரண்டால் பெருக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஆறு நாள் அட்மிஷன். ஊசி, மாத்திரை, மூன்றாம் நாள் இரவு மட்டும் ரொம்ப மோசம். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

வெளியே வந்து வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது! மெக்கானிக் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியும் போன் பண்ணாமல் போனவன் நான். அங்கிருந்து நூறு அடியில் ஒயின்ஷாப். ஐந்து நிமிஷம் நின்றேன். பசி வேறு. பக்கத்துத் தள்ளுவண்டியில் நான்கு இட்லி சாப்பிட்டேன், அதற்கப்புறம் கால் வீட்டுப் பக்கம் திரும்பியது.

நேற்று சனிக்கிழமை கூட்டம். போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போனேன். பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. ஒருவர் படிகளை வாசித்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார்கள். குடிகாரன் என்ற வார்த்தையையே கேட்டுப் பழகியவனுக்கு அந்தக் "குடிநோயாளி" காதில் வேறு மாதிரி விழுந்தது. என் முறை வந்தபோது பெயரைச் சொன்னேன், மேலே குரல் வரவில்லை. "நன்றி" என்று எல்லாரும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். யாரும் முதுகைத் தடவவில்லை. அது பெரிய உபகாரம்.

ஒருவருக்குப் "பிறந்தநாள்". வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், கேக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி. குடியை விட்டு ஒரு வருஷமாம்.

ஆம், தெரிந்த முகம் ஒன்று இருந்தது. யார் என்று சொல்ல மாட்டேன்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, இரவு 11.02

வாழ்த்துகள். நான் எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தம்பிக்காகத்தான் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

துறைமுகத்துக்காரன் | அடுத்த மாதம், வியாழன் மாலை 5.20

நேற்றுக் குடித்துவிட்டேன். மாமா சாவு. கொருக்குப்பேட்டை. மேளம், பட்டாசு, பின்னால் தண்ணீர் பாட்டிலில் கலந்து சுற்றி வந்தது. "நீ விட்டுட்டியாமே" என்று ஒருவர் சிரித்தார். ஒரு கட்டிங் என்று ஆரம்பித்தது. 31 நாள் போய்விட்டது.

மணலி_மெக்கானிக் | வியாழன், மாலை 5.26

டைசல்ஃபிராம் சாப்பிடுகிறீர்களா? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

துறைமுகத்துக்காரன் | வியாழன், மாலை 5.28

இல்லை, அந்த மாத்திரை கொடுக்கவில்லை. தலைவலி மட்டும். இன்றைக்குத் தொடவில்லை.

மணலி_மெக்கானிக் | வியாழன், மாலை 5.31

காலையில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்று 7 மணிக்குக் கூட்டம் இருக்கிறது, கேட்டுவிட்டேன், இந்தத் தடவை கேட் திறந்திருக்கிறது. வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நானும் மணலியிலிருந்து கிளம்புகிறேன்.

பெரம்பூர்_வாசகி | வியாழன், மாலை 5.50

அண்ணா, எங்கள் வீட்டில் மூன்று தடவை திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினோம். வீட்டில் அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், வாடையை வைத்து அவங்களாகவே கண்டுபிடிக்க விடாதீர்கள்.

துறைமுகத்துக்காரன் | வியாழன், இரவு 10.48

போய்விட்டு வந்தேன். கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே மனைவியிடம் சொன்னேன், எதுவும் பேசவில்லை, டிபன் எடுத்து வைத்தாள். கூட்டத்தில் "இன்று முதல் நாள்" என்றேன். மெக்கானிக் அண்ணனை நேரில் பார்த்தது நம்ப முடியவில்லை, எழுத்தில் இருப்பதைவிட ரொம்பக் குள்ளம். எனக்கு ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டுகிற பழைய ஆளாக, இருக்கிறேன் என்றார். தினமும் காலை ஆறு மணிக்கு, பல் தேய்ப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் பண்ண வேண்டுமாம். அலாரம் வைத்துவிட்டேன்.